வேர் பிடித்திருந்த தகடு

‘14, சனி. மாமாவும் நானும் பழைய தோட்டத்துக்குப் போனோம். மாலை 4.10க்கு மிஷின் கத்தியது. ஒரு தகடு கிடைத்தது. ஆழம் ஒன்றரை அடிக்கோல். படிக்கல்லில் இருந்து 17 எட்டு தூரம். அம்மாவுக்குப் போன் செய்தோம். அம்மா பேசவில்லை.’

என் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்பு இது. கையெழுத்து என்னுடையது. தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, நிமிடம்கூட இருக்கிறது. மாதமும் வருடமும் இல்லை. வருடம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதையெல்லாம் எழுதி வைப்பானேன் என்று நினைத்திருக்கிறேன். இன்று மற்றவர்களின் பழைய கடிதங்களில் வருடம் விடுபட்டிருந்தால் பல்லைக் கடிக்கிறேன். குறிப்புக்குக் கீழே ஒரு படமும் வரைந்திருக்கிறேன். நீள்சதுரமான ஒரு பொருள். அதன் முதுகுப் பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் ஒரு வேர். வேரின் பக்கத்தில், ‘என் மணிக்கட்டு அளவு’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்கிற வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரத்திலும் பழுதான பொருள்கள்தான் அவருக்குத் துணை. காம்பாரில் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு சீனப் பெரியவரிடம், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றை வாங்கி வந்தார். அது ஊமையாகத்தான் வந்தது. மூன்று வாரம் பிரித்தும் பூட்டியும் அதற்குக் குரல் வரவழைத்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘மிஷின்’. முதல் நாளே கட்டிலுக்கு அடியில் தொலைந்து போயிருந்த என் தோட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததால் அம்மாவுக்கு அதன் மேல் மரியாதை ஏற்பட்டது. அந்த மரியாதைதான் பின்னால் வினையானது.

பள்ளி விடுமுறை. மிஷினை எங்காவது நல்ல இடத்தில் சோதிக்க வேண்டும் என்று மாமா துடித்தார். சுங்காய் பக்கத்தில் இருந்த பழைய ரப்பர் தோட்டம் அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்கு ஐந்து வயதாகும் வரை நாங்கள் அங்கேதான் லயத்து வீட்டில் இருந்தோம். பிறகு தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயத்து வீடுகளையும் இடித்தாயிற்று. கோயிலும், கோயில் எல்லைக்குள் நின்ற ஏழெட்டுப் பழைய பால்மரங்களும்தான் தப்பின. அந்த மரங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசற்படிக்கல் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. கல்லின் மேல் ஏறி நின்று, வீடு இருந்த திசையைப் பார்த்தேன். செம்பனைதான் தெரிந்தது.

காவலுக்கு இருந்த ஜாகாக்காரரிடம் சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தோம். மிஷின் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் மாமா சங்குல் மண்வெட்டியை எடுத்து வெட்டுவார். நான் குச்சியால் மண்ணைக் கிளறுவேன். துருப்பிடித்த ஆணிகள், சார்டின் டின், பால் பிடிக்கும் மங்கைத் தாங்குகிற கம்பி என்று வந்துகொண்டே இருந்தன. நாலு மணிக்கு மேல், ஒரு பால்மரத்தின் அடியில் மிஷின் விடாமல் கத்தியது. அங்கே வேர்களுக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. இழுத்தால் வரவில்லை. அதன் முதுகில் ஒரு கம்பி இருந்தது. கம்பிக்குள் வேர் நுழைந்து, பெருத்து, அதைக் கவ்விக்கொண்டிருந்தது. மாமா பாராங் கத்தியால் வேரின் இரு பக்கத்தையும் வெட்டித்தான் எடுத்தார். உள்ளங்கை அகலம். களிம்பு ஏறிய பித்தளை. மேலே ஏதோ கொம்பு மாதிரி ஒரு உருவம், அதற்குக் கீழே தேய்ந்துபோன கிறுக்கல்கள்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, நம்ம பழைய வீட்டு வாசப்பக்கந்தான் நிக்கிறேன். மண்ணுக்குள்ள ஒரு தகடு கெடச்சிருக்கு. என்னமோ எழுத்தெல்லாம் போட்டிருக்கு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மாமா கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார்.

மாமாவுக்குத் தகடு என்றால் இயந்திரத்தின் நெற்றியில் திருகி வைத்திருக்கும் பெயர்த் தகடு. தினமும் பத்து முறையாவது அந்தச் சொல்லைச் சொல்கிறவர். அம்மாவுக்குத் தகடு என்றால் வேறு. உலோகத்தில் கட்டம் கீறி, எழுத்தைப் பொறித்து, ஆகாதவர் வீட்டு வாசலில் இரகசியமாகப் புதைப்பது. புதைத்த வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள்.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரும் தங்கவில்லை. ஒருவன் ஒன்பது நாள், மற்றவன் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாவின் கோப்பில் என்னுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது அவர்கள் இருவரின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் கையில் கிடைத்தன, நானே தெரிந்துகொண்டேன்.

பெரியம்மாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில், பெற்றவர்கள் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஊரார் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டுகிற, தனக்கென்று ஒன்று இல்லாத பெண்ணைப் பற்றி லயத்தில் என்ன பேசுவார்களோ அதையெல்லாம் பேசினார்கள். இரண்டாவது பிள்ளை போன பிறகு அந்தப் பேச்சு அம்மாவின் காதிலும் விழுந்தது. அம்மா வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரண்டு வயதானபோது என்னை ஆயாக் கொட்டகையில் இருந்து எடுத்துவிட்டார். தோட்டம் விற்ற பிறகு ஈப்போவில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியேறின. பெரியம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் மேசை துடைத்தார். கல்யாண வீடுகளில் அவரும் அம்மாவும் பார்த்துக்கொண்டால், “சாப்பிட்டாச்சா?” என்பதோடு சரி. அதற்குப் பதில் வரும் முன்பே இருவரும் வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது இருட்டும் நேரம். அம்மா வாசலிலேயே உப்பும் எலுமிச்சம்பழமுமாக நின்றிருந்தார். தகட்டை உள்ளே கொண்டுவர விடவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, தகட்டை அதில் வைக்கச் சொல்லி, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்தார். மாடிக்குப் போகிறவர்கள் அந்த வாளியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமா ஏதோ சொல்லப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

“பன்னண்டு வருசமா நான் கேட்டுக்கிட்டு இருந்ததுக்கு மண்ணே பதில் சொல்லிருச்சு,” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா, ‘பழசையெல்லாம் கிளறாத லா’ என்று ஒரு தடவை சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டருகே இருக்கும் கோயிலில் பெரியம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். செய்துவிட்டுப் பொய் சொன்னால் அந்தக் குடும்பம் விளங்காது. அணைக்க மறுத்தால் செய்தது அவர்தான். அணைத்தாலும், சூடம் அணைத்தவள் என்ற பேர் பெரியம்மாவை விட்டுப் போகாது என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

செய்தி சொல்ல அப்பாதான் போக வேண்டியிருந்தது. துணைக்கு நான். அப்பா நாலு வரி சொல்வதற்குள் நாற்பது தடவை தொண்டையைச் செருமினார். பெரியம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டார். யாரோ விருந்துக்குக் கூப்பிட்டது போலத்தான் இருந்தது அவர் முகம்.

“வெள்ளிக்கெழமைதான? வேல முடிஞ்சு ஆறு மணிக்கு வாரேன்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ சாப்ட்டியா?” என்று கேட்டார்.

ஞாயிறு முதல் மாமா ஆள் தேடினார். தகட்டை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்த் தொழிற்சாலையில் காட்டினார், ஒருவர் கதவுப் பூட்டின் மூடி என்றார், மற்றொருவர் பழைய ரேடியோவில் இருந்து விழுந்தது என்றார். புதன்கிழமை, 18ஆம் தேதி, வாளிக்கு அடியில் இருந்து தகட்டை மறுபடியும் எடுத்துத் தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பழைய ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். கல்லாவுக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் பழைய காசு, பதக்கம், பித்தான் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார். பரோட்டாவுக்காக வருகிறவர்களைவிடப் பெட்டியைப் பார்க்க வருகிறவர்களிடம் அதிக நேரம் பேசுவார் என்று கேள்வி.

எல்லாரும் தகட்டின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாங்கியதும் திருப்பினார்.

“மொதல்ல முதுகப் பாக்கணும் தம்பி. மொகத்துல என்ன வேணா எழுதலாம். எதுக்குச் செஞ்சாங்கன்னு முதுகுதான் சொல்லும்.”

முதுகில் ஒரு ஓரம் இரண்டு கொக்கி. மறு ஓரம் நீளமாக ஒரு கம்பி, வேர் நுழைந்திருந்த கம்பி. அதன் இடுக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பல்குத்தும் குச்சியால் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். தோல் என்றார். பெட்டியில் இருந்து முழுசாக இருந்த ஒரு பழைய இராணுவப் பெல்ட்டை எடுத்து, எங்கள் தகட்டின் கொக்கியை அதன் வளையத்தில் மாட்டினார். டக்கென்று உட்கார்ந்தது. இடுப்பு வாரின் முன்பக்கத்துப் பித்தளை அது. பிறகு சமையல் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுக் களிம்பைத் துடைத்தார். அமிலமோ புளியோ போட்டால் எழுத்து போய்விடுமாம். கிறுக்கல் என்று நாங்கள் நினைத்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: என், டி, இ, இ. அவர் ரசீதுத் தாளை எடுத்து, அந்த நான்கு எழுத்துக்கு முன்னால் நான்கும் பின்னால் ஒன்றும் எழுதி என்னிடம் நீட்டினார். வாலன்டியர் என்று வந்தது. தொண்டர் படை. தோட்டத்துத் துரைமார்கள் ஓய்வு நாளில் துப்பாக்கி தூக்கிப் பழகிய காலம் ஒன்று இருந்தது என்றார்.

கொம்பு என்று நாங்கள் நினைத்தது வெள்ளைக்கார அரசரின் முடி. அதன் தோள் உருண்டிருந்தால் மன்னர்கள் காலம், உள்வாங்கியிருந்தால் மகாராணி காலம் என்று இரண்டு காசுகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எங்களுடையதில் தோள் உருண்டிருந்தது. எனவே 1901க்குப் பின், 1952க்கு முன். வெறும் கண்ணால் பார்த்து ஒரு பொருளுக்கு வருடம் சொல்லலாம் என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான். ஜப்பான்காரன் பேராக் மாநிலத்துக்குள் வந்தபோது, முடி போட்ட சாமான் கையில் இருந்தால் தலை போகும் என்று பலரும் மண்ணில் புதைத்தார்கள், இதுவும் அப்படி இருக்கலாம் என்றவர், “இது என் ஊகந்தான் புள்ள. ஊகம்னே எழுதிக்க,” என்றார். எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் எண்ணெயில் ஊற வேண்டும் என்று தகட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதனால் வெள்ளிக்கிழமை வரை எங்கள் படிக்கட்டில் அந்த வாளி வெறும் செய்தித்தாளைத்தான் காவல் காத்தது. அம்மா காலையும் மாலையும் அதைச் சுற்றி உப்பு போட்டார். மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அக்கா எவ்வளவு சந்தோஷப்படப் போறா பாரு என்றார். நானும் அதையே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மாவும் அப்பாவும் நானும் கோயிலில் இருந்தோம். பெரியம்மா கேண்டீன் சீருடையிலேயே வந்தார். பூசாரிக்கு இதில் விருப்பம் இல்லை. தட்டில் சூடத்தை வைத்தவர், கொளுத்தாமல் தீப்பெட்டியைத் தேடுவதுபோல நேரம் கடத்தினார். கடைசியில் சூடம் எரிந்தது. பெரியம்மா கையைத் தூக்கியபோது மாமா ஓடி வந்தார். தகடு தங்கம் மாதிரி மின்னியது. கடைக்காரரிடம் இரவல் வாங்கிய பெல்ட்டில் அதை மாட்டி, தன் இடுப்பிலேயே கட்டிக் காட்டினார். முடியைக் காட்டினார், எழுத்தைக் காட்டினார், முதுகைக் காட்டினார். பூசாரியே குனிந்து பார்த்தார். அப்பா ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“இது செய்வினயும் இல்ல ஒன்னும் இல்லக்கா. எவனோ சிப்பாய் தொலச்ச பெல்ட்டு. அவ்வளவுதான்.”

அம்மா சிரிக்கவில்லை. தகட்டை வாங்கி, கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப, என் புள்ளைங்க ரெண்டு பேரும் சும்மாவா போனாங்க?” என்றார்.

மாமா இடுப்பு வாரோடு அப்படியே நின்றார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பெரியம்மா, தூக்கிய கையை இறக்கினார்.

“அது பெல்ட்டோ என்னமோ, எனக்குத் தெரியாது,” என்றார். “பொதச்சது நான்தான்.”

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினார். “புல்லு வெட்டுறப்ப கெடச்சுச்சு. ராசா முடி போட்டிருந்துச்சு. காவலுக்கு இருக்கட்டும்னு ஒன் வாசப்படிக்குக் கீழ வெச்சேன். ரெண்டாவது பய போன அடுத்த வாரம். யார்ட்டயும் சொல்லல. சொன்னா பலிக்காதுன்னாங்க.” பிறகு என்னைக் காட்டினார். “பலிக்காமலா போச்சு? இவ தங்குனாள்ல.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் தோளில் முகத்தை வைத்து, “ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? ஏங்க்கா?” என்று கேட்டுக் கேட்டு அழுதார். பெரியம்மாவை அம்மா அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சூடம் யாரும் தொடாமலேயே எரிந்து முடிந்தது.

எனக்கு மட்டும் ஒரு குறை. பெரியம்மா சொன்ன விவரம் தவறு. வாசற்படிக்குக் கீழே இல்லை, பதினேழு எட்டு தள்ளி. மரத்தடியில், வேருக்குள். என் புத்தகத்தில் படமே இருக்கிறது. “பெரியம்மா, படிக்குக் கீழ இல்ல, பதினேழு…” என்று ஆரம்பித்தேன். மாமா பிரசாதத் தட்டில் இருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து என் வாயில் திணித்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தொட்டிலில் முழித்துக்கொண்ட குழந்தையைத் தட்டுவதுபோல என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அன்றைய குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது. ‘20, வெள்ளி. மாமா வாயில் பழத்தைத் திணித்தார். நான் அளந்ததை யாரும் கேட்கவில்லை. பெரியம்மா இடத்தை மறந்துவிட்டார். அம்மா சந்தோஷத்தில் அழுதார்.’

நான்கு வாக்கியங்களில் முதல் இரண்டு சரி. மற்ற இரண்டையும் இப்போது நான் அப்படி எழுத மாட்டேன். ஆனால் அடிக்கவும் இல்லை. பென்சிலில் எழுதியது, அழித்தால் போய்விடும்.

பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தகடு அம்மாவிடமே இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் துளசித் தொட்டிக்கு அடியில் அம்மா அதை வைத்தார். இரண்டு முறை வீடு மாறியபோதும் தொட்டியோடு அதுவும் வந்தது. எந்தப் பிரிவின் வார், யார் இடுப்பில் இருந்தது என்பதை நான் பல ஆண்டுகள் தேடினேன். எழுத்து அதற்கு மேல் மிஞ்சவில்லை. வேரைப் பற்றியும் கேட்டேன். பால்மரத்தோடு வாழ்நாள் முழுக்கப் பழகிய ஒருவர், ஈர மண்ணில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேர் மணிக்கட்டு அளவு பெருக்கலாம் என்றார். இன்னொருவர், வாய்ப்பே இல்லை, முப்பது வருடமாவது ஆகும் என்றார். லயத்து வீடுகளை இடித்தபோது புல்டோசர் படிக்கல்லைத் தள்ளியிருக்கவும் கூடும்; அப்படியானால் என் பதினேழு எட்டுக்கும் மதிப்பில்லை.

பெரியம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறார். அம்மா பக்கத்திலேயே இருப்பார். தகட்டைப் பற்றி நான் பெரியம்மாவிடம் கேட்டதில்லை.

தகட்டைப் புதைத்தவர் யார் என்பது இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.